முன் ஸீட்டு

மரியாதை என்பது நம் நாட்டில் வெகு சுலபமாகக் கிடைக்கும் சரக்கு. வெளுத்த வேஷ்டியும் மூக்குக் கண்ணாடியும் இருந்தால் போதும். கேட்காமலே நாற்காலி வரும், கேட்காமலே காப்பி வரும், வண்டியில் கேட்காமலே இடமும் வரும். அவ்வாறு கேட்காமல் வந்த ஓர் இடத்தில் நாம் ஒரு தடவை உட்கார்ந்தோம். அந்த இடத்தின் விலை இன்னதென்று நாலு வருஷம் கழித்து ஒரு நீதிபதி கணக்குப் போட்டுச் சொன்னார். 1,17,000 ரூபாய். அதைக் கொடுத்தவர் நாமல்ல என்பதுதான் சங்கடம்.

திருப்பூர் ஜில்லா என்றதும் நேயர்களுக்குப் பனியன் ஞாபகம் வரும். அந்த ஜில்லாவிலேயே பனியன் சத்தம் காதில் விழாத ஒரு பக்கமும் உண்டு. தாராபுரத்திலிருந்து கரூர் போகும் வழியில் இருக்கிறது மூலனூர். இரு மருங்கிலும் கிளுவை வேலி, வேலிக்குள் கொறங்காடு, கொறங்காட்டில் வேல மரமும் ஆடும். ஊரில் பருத்தி ஏலம் நடக்கும் விற்பனைக் கூடம் ஒன்று இருக்கிறது. ஆனால் மூலனூரின் கீர்த்தியைப் பரப்புவது முருங்கைதான். முருங்கையில் ஒரு வகைக்கே 'மூலனூர் முருங்கை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்.

2019-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில், அப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் பந்து ஜனங்கள் வீட்டுக் காதுகுத்துக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாப்பாடு பலமாக இருந்ததால் பஸ் போய்விட்டது. வெயிலில் தேங்காய் பழப் பையுடன் நின்றுகொண்டிருந்தபோது, ஜனங்கள் 'குட்டியானை' என்று செல்லப் பெயர் வைத்திருக்கும் சிறிய பார வண்டி ஒன்று வந்து நின்றது. பின்னால் முருங்கைக் காய்க் கட்டுகள். முன்னால் வண்டி ஓட்டும் பையனும் அவன் பக்கத்தில் நாற்பத்தாறு வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாளும் இருந்தார்கள். காய் அந்த அம்மாளுடையது. சந்தைக்குக் கொண்டுபோக வாடகை பேசி வண்டி அமர்த்தியதும் அவரே.

நம்மைப் பார்த்ததும் அந்த அம்மாள் இறங்கிவிட்டார்.

"ஐயா, நீங்க முன்னால உக்காருங்க. நாங்க பொழுதன்னிக்கும் கட்டு மேல ஏறிப் பழகினவங்க."

"வேண்டாம் அம்மா" என்று ஒரு தடவை சொன்னோம். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

நாலு மைல் போயிருப்போம். வேலிச் சந்திலிருந்து ஒரு வெள்ளாடு துள்ளி ரஸ்தாவுக்கு வந்தது. பையன் வளையத்தை ஒடித்தான். வண்டி ஒரு புளிய மரத்தில் பக்கவாட்டில் மோதிச் சாய்ந்தது. நமக்குக் கண்ணாடி உடைந்தது. நெற்றியில் ஒரு வீக்கம். பின்னால் இருந்த அம்மாளின் வலது கை, வண்டியின் பக்கத் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. அன்று இரவு ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் நாம் போய்ப் பார்த்தபோது அவர் முதலில் கேட்டது, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்பதுதான்.

நஷ்டஈடு கேட்டு அவர் பிராது கொடுத்தார். சாட்சிக்கு நம்மை அழைத்தார்கள். அதன் பயனாக, இந்த நாட்டில் ஒருவருக்குக் காயம் பட்டால் அதற்குப் பொறுப்பு யார் தலையில் விழும் என்பதைக் கோர்ட்டுகள் எப்படித் தீர்மானிக்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டோம். கோர்ட்டுத் தாழ்வாரத்தில் காத்திருக்கும் மணி நேரங்களுக்குக் குறைவில்லை. பக்கத்தில் ஒரு வக்கீல் நண்பரும் இருந்தார்.

கெட்டவன் யார் என்று கண்டுபிடிக்கும் இடமே கோர்ட்டு என்று நாம் அதுவரையில் எண்ணியிருந்தோம். அந்தப் பையனோ துளியும் கெட்டவனல்லன். வெயிலில் நின்றவர்மேல் இரக்கப்பட்டு வண்டியை நிறுத்தியவன். ஆனால் இத்தகைய வழக்கில் குணத்தைப் பற்றிய கேள்வியே எழுவதில்லையாம். இவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய கடமை யாருக்கு இருந்தது, அந்த ஜாக்கிரதை தவறிற்றா, காயம் அதனால் வந்ததா என்பதுதான் விசாரணை. நல்லவனுடைய அஜாக்கிரதையும் அஜாக்கிரதையே.

கடமை எதுவரை செல்லும் என்பதற்கு வக்கீல்கள் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் ஒரு பெண்மணி சோடாக் கடையில் இஞ்சிப் பானம் குடித்தாள். பாதி குடித்த பிறகு புட்டியிலிருந்து அழுகிய நத்தை ஒன்று விழுந்ததாக வழக்கு. காசு கொடுத்தவள் அவளல்ல, கூட வந்த சிநேகிதி. ஆகவே கடைக்காரனுக்கும் அவளுக்கும் ஒப்பந்தமே கிடையாது. பானம் தயாரித்தவனையோ அவள் பார்த்ததுகூட இல்லை. வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1932 மே 26-ஆந் தேதி ஐந்து நீதிபதிகளில் மூவர் அவள் பக்கம் சொன்னார்கள். நம் செய்கையால் யாருக்குத் தீங்கு நேரக்கூடும் என்று நாம் நியாயமாக முன்கூட்டி நினைத்திருக்க வேண்டுமோ, அவரே நமக்கு அயலார் என்பது ஆட்கின் பிரபுவின் சித்தாந்தம். அதன்படி பார்த்தால் காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வண்டியில் ஏற்றிக்கொண்ட ஒவ்வொருவரும் ஓட்டுகிறவனுக்கு அயலார்தாம். நாமும் அப்படியே.

ஜாக்கிரதை தவறிற்றா என்பதற்கு அந்தப் புளிய மரமே சாட்சி. இந்தக் கட்டத்தில் நம் வக்கீல் நண்பர் ரஞ்சித் ஜின்னிங் கம்பெனி வழக்கை எடுத்துக் காட்டினார். பஞ்சு அரைக்கும் கம்பெனி ஒன்றின் மோட்டார் காரை, 1960-ஆம் வருஷம் நாகபுரியிலிருந்து அதன் மானேஜர் ஓட்டிச் சென்றார். வழியனுப்பும் உபசாரமாக வெளியார் ஒருவரையும் ஏற்றிக்கொண்டார். கார் ரஸ்தாவை விட்டு விலகி ஒரு மரத்தில் மோதிற்று. ஏறி வந்தவர் இறந்துபோனார். மானேஜர் என்ன தப்புச் செய்தார் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஆளில்லை. 1977-இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதன் சாரம் இது: கார்கள் சாதாரணமாகத் தாமே போய் மரத்தில் மோதிக்கொள்வதில்லை, மோதியிருக்கிறதென்றால், அஜாக்கிரதை இல்லை என்று காட்டவேண்டிய பாரம் ஓட்டியவர் பக்கம். 'வெளியாரை ஏற்றச் சொல்லி நாங்கள் அநுமதி கொடுக்கவில்லை' என்று கம்பெனி சொன்னதும் செல்லவில்லை. மானேஜர் கம்பெனி காரியமாகப் போய்க்கொண்டிருந்தார். ஆகவே கம்பெனியே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று.

நம் வண்டிக்குச் சொந்தக்காரர் பையனின் தாய்மாமன். கடன் வாங்கி வாங்கிய ஒற்றை வண்டி. அவர் அன்று ஊரிலேயே இல்லை. இருந்தும் முதல் பிரதிவாதி அவரே. வேலையாள் வேலையில் செய்த பிழை எஜமானனைச் சேரும்.

ஆடு என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். பிரதிவாதிகளும் அதைத்தான் கேட்டார்கள். ஆடு யாருடையது என்று தெரியவில்லை. கேட்டால் ஊரில் ஒருவருக்கும் ஆடே கிடையாது! இங்கிலாந்தில் 1842-இல் ஒரு கழுதை வழக்கு நடந்திருக்கிறது. ஒருவன் தன் கழுதையின் முன்னங்கால்களைக் கட்டி ரஸ்தாவில் மேய விட்டான். மூன்று குதிரை பூட்டிய வண்டி ஒன்று வேகமாக வந்து கழுதையைக் கொன்றுவிட்டது. கழுதைக்காரன் செய்ததும் தப்புத்தான். ஆனாலும் ஜாக்கிரதையாக வந்திருந்தால் வண்டிக்காரன் தவிர்த்திருக்கலாம், ஆகையால் நஷ்டம் அவனுடையது என்று தீர்ந்தது. அதற்கு முன்னெல்லாம், காயம் பட்டவன் பேரில் இம்மியளவு தப்பிருந்தாலும் ஒரு காசு கிடையாது என்பதே சட்டம். 1809-இல் ரஸ்தாவின் குறுக்கே போட்டிருந்த கழியில் குதிரையோடு இடறி விழுந்தவன், வேகமாக வந்தான் என்ற காரணத்துக்காகவே வெறுங்கையோடு திரும்பினான். இங்கிலாந்தில் 1945-இல் சட்டம் செய்து, தப்பைப் பங்கு போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். நம் கோர்ட்டுகளும் அப்படியே பங்கு போடுகின்றன. கொறங்காட்டு ரஸ்தாவில் ஆடு குறுக்கே வரும் என்பது அந்தப் பக்கத்துப் பையனுக்குத் தெரியாத ரகசியமல்ல என்று நீதிபதி கருதினார். ஆடு வழக்கிலிருந்து விடுதலையாயிற்று.

போலீஸ் வழக்கைப்போல் இதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி நடந்திருக்கலாமா, அப்படி நடந்திருக்கலாமா என்று தராசில் வைத்து, எது கொஞ்சம் கனக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். 2022 ஏப்ரல் முதல், அஜாக்கிரதையை நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சமும் பெருங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் பெற்றுக்கொள்ள மோட்டார் சட்டத்தில் வழி இருக்கிறது. அதைப் பெற்றுக்கொண்டால் பெரிய தொகைக்கு வழக்காட முடியாது. நம் விபத்து அதற்கு முந்தியதாகையால் இதைப் பற்றிய பேச்சே எழவில்லை.

இதுவரையில் வழக்கு ஸ்வாரஸ்யமாக நடந்தது. உண்மையான சண்டை, பணம் யார் கையிலிருந்து வருவது என்ற இடத்தில் ஆரம்பித்தது. தாய்மாமன் கையில் ஒற்றை வண்டியும் கடனும். பணம் இருந்தது இன்ஷியூரன்ஸ் கம்பெனியிடம்.

பார வண்டியில் ஏறும் மனிதர்களைக் கம்பெனிகள் மனிதர்களாகவே எண்ணுவதில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் சட்டம் ஏறத்தாழ அப்படித்தான் இருந்து வருகிறது. 1994 நவம்பரில் மோட்டார் சட்டத்தைத் திருத்தி, சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய அதிகாரம் பெற்ற ஆளோ வண்டியில் வந்தால் அவருக்கும் இன்ஷியூரன்ஸ் உண்டு என்றார்கள். சரக்கில்லாமல் சும்மா ஏறி வருகிறவருக்கு அது கிடையாது என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. இதனால் விளையும் விநோதத்தைப் பாருங்கள்: ஒரே வண்டி, ஒரே மரம்; காய்க் கட்டோடு வந்தவருக்குக் கம்பெனி பணம் தரும், கூலி வேலைக்கு வெறுங்கையோடு வந்தவருக்குத் தராது. காலை வேளையில் களை பறிக்கவும் பருத்தி எடுக்கவும் இருபது முப்பது பெண்கள் பார வண்டிகளில் நின்றுகொண்டு போவதைத் தமிழ் நாட்டில் பார்க்காத ரஸ்தா எது?

நம் அம்மாளிடம் காய் இருந்தது. ஆகவே கவலையில்லை என்று நினைத்தோம். வக்கீல் நண்பர் தலையை ஆட்டினார். 2007-இல் வந்த இன்னொரு தீர்ப்பை எடுத்துக் காட்டினார். சரக்குச் சொந்தக்காரர் என்றால், ஓட்டுகிறவரோடு முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர் என்றே பொருள் என்கிறது அது. சரக்கின் மேலே உட்கார்ந்து வந்தால் சொந்தக்காரராயினும் சந்தேகந்தான்.

"அப்படியானால் அந்த அம்மாள் முன்னால் உட்கார்ந்திருந்தால்...?" என்று ஆரம்பித்தோம்.

"பேச்சே இல்லை" என்றார்.

முன் ஸீட்டு ஒன்றுதான். அதில் இருந்தது யார் என்று நேயர்களுக்குத் தெரியும்.

சாட்சி சொல்ல வேண்டிய நாள் வந்தது. தாழ்வாரத்தில் அந்த அம்மாளின் உறவினர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துப் போனார். "ரெண்டு பேரும் முன்னாலதான் நெருக்கி உக்காந்திருந்தோம்னு ஒரே ஒரு வார்த்தைங்க. ஆருக்கும் கெடுதல் இல்லீங்களே?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. கம்பெனிக்கு இந்தப் பணம் கடலில் ஒரு சொட்டு. அந்த இடம் நியாயமாக அவருடையதே. அவர் அங்கே இருந்தார் என்று சொல்வது பொய்யா, அல்லது இருக்கவேண்டிய உண்மையா? இம்மாதிரி வேதாந்தமெல்லாம் தாழ்வாரத்தில் நன்றாகத் தோன்றும். கூண்டில் ஏறிப் பிரமாணம் செய்ததும் நாக்கு வேறு விதமாகிவிடுகிறது.

கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"மனுதாரர் வண்டியின் பின்னால் காய்க் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். சரிதானே?"

"சரிதான்."

"முன் ஸீட்டில் இருந்தது நீங்கள்?"

"ஆம்."

"வண்டியில் உமக்கு ஏதாவது சரக்கு உண்டா?"

"தேங்காய் பழப் பை" என்றோம். கோர்ட்டில் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை.

"அவ்வளவுதான்" என்று அவர் உட்காரப் போனார்.

"அது அந்த அம்மாளுடைய இடம். நமக்காக எழுந்து கொடுத்தார்" என்றோம்.

"கேட்டதற்கு மாத்திரம் பதில் சொல்லும்!" என்று வக்கீல் அதட்டினார். நீதிபதி ஒரு கணம் நம்மைப் பார்த்துவிட்டு, சொன்னதைப் பதிவு செய்யச் சொன்னார். அந்த அம்மாள் எதிரே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

தொகைக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியாது. ஏனெனில் இந்தக் கணக்கு அநேக குடும்பங்களின் தலைவிதி. ஒரு கையில் மூன்று விரல் போனால் நூற்றுக்கு 30 பங்கு ஊனம் என்று வேலையாட்கள் நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் கண்டிருந்தது. வைத்தியச் சான்றும் அதையே சொல்லிற்று. ஆனால் உடம்பின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு என்று 2010-இல் ராஜ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கியிருக்கிறது. இடது கை போன தச்சனுக்குப் பிழைப்பு முழுவதுமே போகலாம். அதே கை போன ஸர்க்கார் குமாஸ்தாவுக்கு உத்தியோகம் போகாமலே இருக்கலாம். காய் ஒடித்து, கட்டுக் கட்டி, பால் கறந்து, பருத்தி எடுத்துப் பிழைக்கிறவருக்கு வலது கை விரல்களே மூலதனம். நீதிபதி ஊனத்தை நூற்றுக்கு 50 என்று வைத்தார். மாத வருமானம் 12,000. வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே ஆகையால், 2017-ஆம் வருஷத்து அரசியல் சாஸன பெஞ்சு சொன்னபடி வருங்கால விருத்திக்காகக் கால் பங்கு கூட்டி 15,000. வருஷத்துக்கு 1,80,000. நாற்பத்தாறு வயதுக்கு, 2009-இல் ஸரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி, 13-ஆல் பெருக்கினால் 23,40,000. அதில் பாதி 11,70,000.

இதில் நூற்றுக்குப் பத்து வெட்டினார், பாரத்தின்மேல் உட்கார்ந்து வந்தது அந்த அம்மாளின் சொந்த அஜாக்கிரதை என்பதற்காக. முன்னால் இருந்த நமக்கு நெற்றி வீக்கத்தோடு போயிற்று; பின்னால் இருந்ததால்தான் கை அகப்பட்டது; ஆகவே சட்டப்படி அது தப்பென்று சொல்வதற்கில்லை. 2020-இல் ஒரு வழக்கில், மோட்டார் ஸைக்கிளில் மூன்று பேராகப் போனது மாத்திரமே குற்றப் பங்கு ஆகிவிடாது, விபத்துக்கோ காயத்துக்கோ அது காரணமாயிருந்ததென்று காட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. இங்கே காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. 11,70,000-இல் பத்தில் ஒன்று 1,17,000. மரியாதையைத் தராசில் வைக்கச் சட்டத்தில் படிக்கல் இல்லை.

கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு முடிந்தது. இவ்வாறு சொல்வதற்கு 2004-இல் பல்ஜித் கௌர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு காட்டிய வழி இருக்கிறது. சட்டம் தெளிவாகாதிருந்த காலத்துக்கு மட்டும் காட்டிய சலுகை அது, இப்பொழுது செல்லாது என்பது கம்பெனிகளின் வாதம். நம் கம்பெனியும் அந்த வாதத்தோடு அப்பீல் செய்திருக்கிறது. அம்மாளுக்குப் பணம் வந்தால் தாய்மாமனின் வண்டி போகும். வண்டி தப்பினால் பணம் வராது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான்.

தீர்ப்புக்குப் பிறகு ஒரு நாள் மறுபடியும் மூலனூர் போக நேர்ந்தது. பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். அதே வண்டி வந்தது, அதே பையன். பின்னால் காய்க் கட்டுகள். முன் ஸீட்டில் அந்த அம்மாள் இருந்தார். பையன் வேகத்தைக் குறைத்தான். அம்மாள் நம்மை அடையாளம் கண்டுகொண்டு, இடது கையால் கதவைத் திறக்கப் போனார்.

நாம் இரண்டு கைகளாலும் வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினோம். இந்தத் தடவை மூன்று முறை சொன்னோம்.

"பஸ்ஸு வர இன்னும் முக்கால் மணி ஆகுமுங்க" என்றான் பையன்.

"ஆகட்டும்" என்றோம்.

வண்டி போயிற்று. பஸ் வர ஒரு மணி நேரம் ஆயிற்று.